பொறுமை என்ற கட்டத்தில் யார் பெயர்?

கேள்வி

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

எனக்கு 44 வயது. சிங்கப்பூரில், செங்காங் வட்டாரத்தில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு. மனைவி, இரண்டு பிள்ளைகள், என் தாயார், பணிப்பெண், நான் என்று ஆறு பேர் இருக்கிறோம். ஜூரோங்கில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. எங்கள் தமிழ் மெதடிஸ்ட் சபையில் எட்டு வருடமாக ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராகவும் இருக்கிறேன்.

போன மாதம் ஆவியின் கனியைப் பற்றி, அதாவது பரிசுத்த ஆவியானவர் விசுவாசிக்குள் விளைவிக்கும் ஒன்பது குணங்களைப் பற்றிப் பாடம் எடுத்தேன். ஒரு தாளில் ஒன்பது கட்டம் போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு குணத்துக்கும் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் பெயரை எழுதுங்கள் என்றேன். என் மகளும் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். தொடக்கநிலை ஆறு படிக்கிறாள். வீட்டுக்கு வந்து தாள்களைப் புரட்டியபோது அவள் எழுதியதைப் பார்த்தேன். நீடிய பொறுமைக்கு எங்கள் பணிப்பெண் பெயர். சாந்தத்துக்கும் அவர் பெயர்தான். விசுவாசம் என்ற கட்டத்தில் மட்டும் 'அப்பா' என்று இருந்தது.

ஐயா, அந்தப் பெண் ஜாவாவிலிருந்து வந்த முஸ்லிம். அவரிடம் ஆவியின் கனி எப்படி இருக்க முடியும்? அதே சமயம் மகள் எழுதியது சரி என்றும் எனக்குத் தெரியும். வேலையிடத்தில் மேலாளர் எவ்வளவு ஏசினாலும் 'ஓகே பாஸ்' என்று வந்துவிடுவேன். எல்லாம் வீட்டில்தான் வெடிக்கிறது. யாரையும் அடித்ததில்லை, ஆனால் கத்துவேன். மகளின் கணக்குத் தாளை ஒருமுறை கிழித்துவிட்டேன். பணிப்பெண்ணை என் அம்மா முன்னால் முட்டாள் என்று திட்டியிருக்கிறேன். அவர் எதுவும் சொல்ல மாட்டார். இது மகளுக்குப் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வருடம் என்று ஓய்வு நாள்கூட அதிகம் எடுக்காமல் ஒத்துழைக்கிறார்.

ஒவ்வொரு டிசம்பர் 31 இரவு ஆராதனையிலும் இனிமேல் கோபப்பட மாட்டேன் என்று பொருத்தனை செய்கிறேன். பொங்கல் வருவதற்குள் அது போய்விடுகிறது. உபவாசம் இருந்தும் ஜெபித்துவிட்டேன். சபையில் ஒரு சகோதரர், 'நீ சுயமுயற்சி செய்கிறாய், ஆவியானவர் பார்த்துக்கொள்வார், விட்டுவிடு' என்கிறார். 20 வருட விசுவாசி நான். என் இரட்சிப்பே பொய்யோ என்று பயமாக இருக்கிறது. கிறிஸ்துவின் குணம் எனக்குள் வளர என்ன செய்ய வேண்டும்? ஓய்வுநாள் பள்ளியிலிருந்து விலகிவிடட்டுமா?

- செங்காங் வாசகர்

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

அந்தத் தாளைப் பற்றி மகளிடம் இதுவரை கேட்கவில்லை என்றால், இனியும் கேட்காதீர்கள். 'ஏன்மா அப்படி எழுதினாய்?' என்று எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் அவள் காதில் அது விசாரணையாகத்தான் விழும். அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த பதிலை எழுதிவிடுவாள். அப்புறம் அந்த வீட்டில் உங்களுக்கு உண்மை சொல்ல ஆள் இருக்காது. பிள்ளை உங்களைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. ஆசிரியர் கேட்டார், எழுதினாள், அவ்வளவுதான்.

உங்களுக்கும் ஒரு கட்டம் கொடுத்திருக்கிறாள். அது உங்கள் கண்ணில் சரியாகப் படவில்லை என்று நினைக்கிறேன். கலாத்தியர் 5:22இல் நாம் 'விசுவாசம்' என்று வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் பிஸ்டிஸ். அதற்குக் கடவுளை நம்புவது என்றும் பொருள் உண்டு, மற்றவர் நம்பத்தக்கவராக இருப்பது என்றும் பொருள் உண்டு. அப்பா ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறார் என்று எழுதினாளா, அப்பா சொன்னால் செய்வார் என்று எழுதினாளா, அது அவளுக்குத்தான் தெரியும். எப்படியானாலும் அது இனாமாகக் கிடைத்த கட்டம் இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் மற்றதைத் தொடங்கப் போகிறோம்.

ஆனால் அங்கேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. நாம் பேச்சுவாக்கில் 'ஆவியின் கனிகள்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த நிருபத்தில் அப்போஸ்தலர் பவுல் எழுதியது ஒருமை. தமிழ் வேதாகமத்திலும் 'ஆவியின் கனியோ' என்றுதான் இருக்கிறது. ஒன்பது பழம் அடுக்கிய தட்டிலிருந்து எனக்கு விசுவாசம் போதும், பொறுமை உங்களுக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்பது கட்டம் போட்ட உங்கள் பாடத்தாளிலேயே அந்தப் பிழை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் பல வருடம் பாடம் எடுத்தேன், அட்டையில் வாழைப்பழமும் திராட்சையும் வெட்டி ஒட்டி.

இரட்சிப்பே பொய்யோ என்ற பயத்துக்கு ஒரு ஆளைக் காட்டுகிறேன். மோசே. இளம் வயதில் கோபத்தில் ஒரு எகிப்தியனை அடித்துக் கொன்று மணலில் புதைத்தவர். பிறகு 40 வருடம் மீதியானில் ஆடு மேய்த்தார். அதற்குப் பிறகுதான் எண்ணாகமம் 12:3 அவரைப் பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்கிறது. சரி, அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. வயதான காலத்தில், தண்ணீர் கேட்டு ஜனங்கள் முறுமுறுத்தபோது, கன்மலையை இரண்டு தரம் அடித்துக் கத்தினார். சங்கீதம் 106:33 அதை 'தன் உதடுகளினால் பதறிப்பேசினான்' என்கிறது. உங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு நடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பதறிப் பேசுகிறீர்கள். மோசேக்கு அதன் விளைவு இருந்தது, தேவன் வாக்களித்த கானான் தேசத்துக்குள் அவர் போகவில்லை. ஆனால் தேவன் அவரைக் கைவிடவும் இல்லை. விழுந்ததை வைத்து, ஆரம்பத்திலிருந்தே எல்லாம் பொய் என்று கணக்குப் போடாதீர்கள். விளைவே இருக்காது என்றும் நினைக்காதீர்கள்.

அந்தப் பெண் முஸ்லிமாயிற்றே, அவரிடம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இறையியல் கல்லூரியில் உட்கார்ந்து இதைப் பேச நிறைய இருக்கிறது, பேசலாம். உங்களுக்கு இப்போது அது வேண்டாம். எனக்குப் பிறன் யார் என்று கேட்ட நியாயசாஸ்திரிக்கு இயேசு, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய ஒரு சமாரியனை, யூதர்கள் ஒதுக்கிய இனத்தவனைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார், அதுவும் கேட்டவருக்கு வாயில் பெயர்கூட வராத ஆளை. கதை முடிந்து 'யார் பிறன்?' என்று திருப்பிக் கேட்டபோதும் அவர் 'சமாரியன்' என்று சொல்லவில்லை, 'இரக்கஞ்செய்தவனே' என்றுதான் சொன்னார். உங்கள் மகள் பெயரையே எழுதிவிட்டாள். அந்த நியாயசாஸ்திரியின் இடத்தில் நிற்க வேண்டியவர் நீங்கள். அந்தப் பெண்ணின் மதத்தைப் பற்றி ஆராயத் தொடங்கினால் உங்கள் கோபத்தைப் பற்றிப் பேசுவது தள்ளிப்போகும். மனசு செய்யும் தந்திரம் அது, எனக்கும் பழக்கம் உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மேலாளர் ஏசினால் 'ஓகே பாஸ்' என்று வந்துவிடுகிறீர்களே, அப்போது உங்கள் கோபத்தை அடக்குவது யார்? நீங்கள்தானே. ஜூரோங்கில் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அடங்கியிருக்கும் கோபம், செங்காங் வந்ததும் அடங்காத கோபமாக மாறுவது எப்படி? எனக்குக் கோபம் அதிகம், என்னால் முடியவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தின் சாரம். முடிகிறது தம்பி, ஒவ்வொரு நாளும் பத்து மணி நேரம் முடிகிறது. இச்சையடக்கம் உங்களிடம் இருக்கிறது. அதை முழுவதும் மேலாளருக்கே கொடுத்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள்.

'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்' என்ற குறளைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தன் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதைத் தடுப்பவன்தான் உண்மையில் கோபத்தைத் தடுப்பவன், செல்லாத இடத்தில் தடுத்தால் என்ன, தடுக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார் வள்ளுவர். மேலாளரிடம் உங்கள் கோபம் செல்லாது. 11 வயதுப் பிள்ளையிடமும், வேலை அனுமதி உங்கள் பெயரில் இருக்கும் ஒரு பெண்ணிடமும் செல்லும். உங்கள் குணம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அந்த இரண்டு பேரிடம்தான் தெரியும். பவுலும் எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் வரிசையாக அதைத்தான் தொடுகிறார். நான்காம் வசனத்தில், பிதாக்களே, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்கிறார். ஒன்பதாம் வசனத்தில், எஜமான்களே, 'கடுமையான பயமுறுத்தலை விட்டுவிடுங்கள்' என்கிறார். நம் சபைகளில் பிள்ளைகளே கீழ்ப்படியுங்கள் என்ற முதல் வசனம் மனப்பாடமாக இருக்கும் அளவுக்கு ஒன்பதாம் வசனம் இருப்பதில்லை. பணிப்பெண் இருக்கும் வீடுகள் நம் சபைகளில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அதைத்தான் குளிர்பதனப் பெட்டியில் எழுதி ஒட்ட வேண்டும்.

நான் பெரிய யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். என் மகன் தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பயிற்சியில்) இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்தான். வாசலில் காலணியைக் கழற்றிப் போட்ட விதத்தைப் பற்றி ஆரம்பித்து, துணி, அறை, கைப்பேசி என்று பத்து நிமிடம் பிடித்துக்கொண்டேன். அவன் சிரிக்காமல் சொன்னான்: 'அப்பா, முகாமிலேயே இதைவிடக் குறைவாகத்தான் கத்துகிறார்கள்.' அன்று மாலைதான் ஒரு தம்பதிக்குப் பொறுமையாகக் கேட்பதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் ஆலோசனை சொல்லிவிட்டு வந்திருந்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு.

ஆவியானவர் பார்த்துக்கொள்வார், நீ விட்டுவிடு என்று சொன்ன சகோதரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். பாதி சரி. ஆனால் இரண்டாம் பேதுருவின் முதல் அதிகாரத்தை எடுத்து மூன்றாம் வசனத்தையும் ஐந்தாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஜீவனுக்கும் தேவபக்திக்கும் வேண்டிய யாவற்றையும் தேவனுடைய வல்லமை நமக்குத் தந்துவிட்டது என்று மூன்றாம் வசனம் சொல்கிறது. தந்தாகிவிட்டதே, இனி சும்மா இருங்கள் என்று பேதுரு முடிக்கவில்லை. 'நீங்கள் அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்' என்று தொடங்கி விசுவாசத்தோடு தைரியம், தைரியத்தோடு ஞானம், ஞானத்தோடு இச்சையடக்கம், இச்சையடக்கத்தோடு பொறுமை என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டச் சொல்கிறார். உங்கள் மகள் உங்களுக்குக் கொடுத்த விசுவாசம் அந்த வரிசையில் முதலாவதாக நிற்கிறது. அதோடு கூட்டத்தான் சொல்கிறார்.

லூக்கா 13இல் மூன்று வருடம் கனி கொடுக்காத அத்திமரம் ஒன்று வருகிறது. தோட்டக்காரர் எஜமானிடம் 'இது இந்த வருஷமும் இருக்கட்டும், நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்' என்கிறார். கொத்துவதால் அத்திப்பழம் வந்துவிடாது, அது தோட்டக்காரருக்கும் தெரியும். என் மனைவி தாழ்வாரத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறார். மூன்றாவது மாடிக்காரர்கள் வரை வந்து பறித்துப் போகிறார்கள். அதில் ஒரு இலையைக்கூட அவர் செய்ததில்லை. ஆனால் ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தபோது, என் பொறுப்பில் விட்டுப் போன அந்தச் செடி எந்த நிலையில் இருந்தது என்று கேட்காதீர்கள். உங்கள் சகோதரரிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது கொத்துவது எங்கே என்று பார்ப்போம். இனி கோபப்பட மாட்டேன் என்று பொருத்தனை செய்வது தீவு முழுவதையும் ஒரே நாளில் கொத்தப் புறப்படுவது மாதிரி. உங்களுக்கு வேண்டியது ஒரு சதுர அடி. உங்கள் வீட்டில் கோபம் வரும் நேரம் எது? கடிதத்தை வைத்து நான் ஊகிப்பது, நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து மகளின் கணக்கு முடியும் வரை. மேலாளரின் ஏச்சு, ஊட்ரம் பார்க்கில் மாறி நின்றுகொண்டே வந்த ஒன்றேகால் மணி நேரம், பசி எல்லாம் சேர்ந்து நுழைகின்றன. உடனே மகள் புத்தகத்தோடு வருகிறாள், அல்லது நீங்களே கூப்பிடுகிறீர்கள்.

எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார். ஓரேப் மலையில் தேவனோடு நடந்த பேச்சுவார்த்தையெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆவிக்குரிய காரியம் என்று நாம் நினைப்பதில் பாதி, சாப்பாடும் தூக்கமும்தான் என்பது என் தொழிலில் நான் கண்டது. உபவாசம் இருந்து ஜெபித்தேன் என்கிறீர்கள். பசியோடு வீட்டுக்கு வருவதுதான் உங்கள் பிரச்சினை என்றால், உபவாசம் இப்போதைக்கு உங்களுக்கு ஏற்ற பயிற்சி இல்லை. இதைச் சொன்னதற்காக யாராவது என்னைக் கோபிக்கலாம், பரவாயில்லை.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். செங்காங் நிலையத்தில் எல்ஆர்டி (இலகு ரயில்) பிடிக்காமல் வீட்டுக்கு நடந்து வாருங்கள். மழை என்றால் புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். ஒரு ரொட்டியோ பிஸ்கட்டோ பையில் இருக்கட்டும். மேலாளர் அன்று சொன்னதை அங்கேயே கடவுளிடம் கொட்டிவிடுங்கள், மரியாதையான ஜெப மொழியெல்லாம் தேவையில்லை, சங்கீதக்காரர்கள் அதைவிட மோசமாகப் பேசியிருக்கிறார்கள். மின்தூக்கியில் ஏறும்போது ஒரே ஒரு வசனம், சங்கீதம் 141:3: 'கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்.' மின்தூக்கி உங்கள் மாடிக்குப் போவதற்குள் இரண்டு தரம் சொல்லிவிடலாம். வீட்டுக்குள் போனதும் முதல் அரை மணி நேரம் யாரையும் எதுவும் திருத்தாதீர்கள். காலணி கோணலாகக் கிடந்தால் கிடக்கட்டும்.

கணக்குப் பாடத்தைத் தேர்வு முடியும் வரை நீங்கள் தொடாதீர்கள். மனைவி பார்க்கட்டும், அல்லது ஒரு துணைப்பாட ஆசிரியர், யாரும் இல்லையென்றால் அவளே தப்பும் தவறுமாகப் போடட்டும். ஒரு மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். வேறொன்றை அவளோடு செய்யுங்கள், தட்டைக் கழுவலாம், உணவங்காடிக்கு நடந்து போகலாம். ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் 'பொறுமை பரீட்சையையும்' உண்டாக்குகிறது என்று நம் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. சிங்கப்பூர்ப் பெற்றோருக்குப் பரீட்சை என்றதும் பிஎஸ்எல்இ ஞாபகம்தான் வரும். அங்கே மூலத்தில் உள்ள சொல் சோதித்துத் தேறிய தன்மையைக் குறிப்பது, ஆங்கில வேதாகமங்கள் பலவற்றில் அதைக் குணம் என்ற பொருள் வரும்படி எழுதியிருப்பார்கள். இந்த வருடம் உங்கள் வீட்டில் இரண்டு பேர் பரீட்சை எழுதுகிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அதுதான் கடினம். நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மகளிடம் கேட்பது ஓரளவு எளிது. 'கணக்குத் தாளைக் கிழித்தது தப்பு. அப்பாவுக்குக் களைப்பு இருந்தது உண்மை, ஆனால் அதற்கு நீ காரணம் இல்லை.' இவ்வளவு போதும். 'நீயும் கொஞ்சம் ஒழுங்காகப் படித்திருந்தால்' என்று ஒரு வால் சேர்த்தால் கேட்ட மன்னிப்பு திரும்பிப் போய்விடும்.

பணிப்பெண்ணிடம் கேட்பதற்கு நிறைய யோசிக்க வேண்டும். நீங்கள் சொன்ன 'முட்டாள்' என்ற சொல் சாதாரண வசவு என்று நம் ஊரில் நினைக்கிறோம். மலைப்பிரசங்கத்தில் கொலையைப் பற்றிப் பேசிய உடனே இயேசு எடுத்த சொல் அதுதான், 'மூடனே' என்று சொல்கிறவனைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று மத்தேயு 5:22இல் பாருங்கள். ஏசியது உங்கள் தாயார் முன்னால் என்றால், கேட்பதும் அவர் முன்னால் இருக்கட்டும். தாயார் 'வேலைக்காரியிடம் போய் என்னடா' என்று தடுப்பார், அதற்கும் தயாராக இருங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, செய்ததைச் சொல்லி, தவறு என்று சொல்லுங்கள். 'மன்னித்துவிட்டாயா?' என்று கேட்காதீர்கள். அவர் சம்பளம், தங்குமிடம், ஊரில் இருக்கும் குடும்பத்தின் சாப்பாடு எல்லாம் உங்கள் கையில் இருக்கின்றன. 'பரவாயில்லை சார்' என்பதைத் தவிர அவர் வேறு என்ன சொல்ல முடியும்? அவர் எதிர்த்துப் பேசாததைப் பொறுமை என்று மகள் எழுதியிருக்கிறாள். அதில் எவ்வளவு பொறுமை, எவ்வளவு வேறு வழியில்லாமை என்று நீங்கள் யோசிக்க வேண்டும். மகள் இப்போது யோசிக்க வேண்டியதில்லை, அதற்கு அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

சொல்லோடு நிறுத்தாதீர்கள். ஓய்வு நாள் அதிகம் எடுக்காமல் ஒத்துழைக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். சிங்கப்பூர்ச் சட்டப்படி பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு ஓய்வு நாள் உண்டு. அவர் மனமொத்துச் சம்மதித்தால் அதற்கு ஈடாகப் பணம் கொடுக்கலாம். ஆனால் 2023 ஜனவரி 1 முதல் மாதத்தில் ஒரு நாளாவது பணத்தால் ஈடுகட்ட முடியாத ஓய்வாக இருந்தே ஆக வேண்டும். சட்டம் அதோடு நின்றாலும் வேதம் நிற்கவில்லை. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையைத் திரும்பச் சொல்லும்போது, நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று காரணத்தோடு சொல்கிறது. நீங்களும் எகிப்தில் அடிமையாய் இருந்தவர்கள்தானே என்பது அந்தக் காரணம். நீங்கள் எட்டு வருடமாக ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு எந்த நாள் வேண்டும் என்று கேட்டு, நாள்காட்டியில் எழுதிவிடுங்கள். அன்று பாத்திரம் சேர்த்து வைத்து அவர் இரவு வந்து கழுவும்படி விடாதீர்கள். உங்கள் முதல் பொறுமைப் பயிற்சி அந்த அடுப்படியில்தான். பெரியவருக்குக் கஞ்சி வைத்து, சின்னவனுக்குச் சட்டை தேய்த்து, நடுவில் மகள் 'அப்பா, என் தண்ணீர்ப் புட்டி எங்கே?' என்று கேட்கும்போது தெரியும், அந்தப் பெண்ணின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று.

அடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் தாளைக் கிழித்த கைக்கும் அடுத்த கட்டத்துக்கும் தூரம் அதிகம் இல்லை. கை நீண்டுவிடுமோ என்ற பயம் எப்போதாவது வந்தால், இந்தப் பதிலைப் படித்துக்கொண்டு இருக்காதீர்கள். உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்கள். வன்முறை தொடர்பான தேசிய உதவி எண் 1800-777-0000 இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும். அந்த எண்ணை மனைவியும் பணிப்பெண்ணும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஜெபத்துக்கு இது மாற்று இல்லையே என்று யாராவது சொன்னால், எலும்பு முறிந்தால் மருத்துவமனைக்குப் போவீர்களா மாட்டீர்களா என்று கேளுங்கள்.

அப்புறம், தனியாகச் செய்யாதீர்கள். மெதடிஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் சபையின் சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். 1742இல் பிரிஸ்டல் நகரில் ஒரு கட்டடக் கடனை அடைக்க வழி தேடினார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பது, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பெடுத்து வீடு வீடாகப் போய் வாங்கி வருவது என்று முடிவானது. காசு வாங்கப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, இன்னார் வீட்டுக்குப் போனேன், மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் என்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் சொன்னார். இன்னொருவர் குடித்திருந்தாராம். இத்தனை நாள் நமக்கு வேண்டியிருந்தது இதுதான் என்று வெஸ்லிக்கு அப்போது பட்டது. மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டம் பிறந்தது அப்படித்தான். கடன் வசூலிக்கப் போனவர்கள் முன்னறிவிப்பில்லாமல் வாசலில் நின்றதால், ஞாயிற்றுக்கிழமை தெரியாதது வாரநாளில் தெரிந்துவிட்டது.

இன்று நம் செல் குழுக்களில் (வீடுகளில் கூடும் சிறு ஜெபக் குழுக்களில்) ஜெப விண்ணப்பம் கேட்டால் வேலை, உடம்பு, பிள்ளையின் தேர்வு, இந்த மூன்றைத் தாண்டுவதில்லை. இந்த வாரம் வீட்டில் யாரைத் திட்டினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவராக, வாய் காப்பவராக ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். புதன்கிழமை இரவு கோப்பிக் கடையில் ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்). அவர் உங்களிடம் இரண்டே கேள்வி கேட்க வேண்டும்: இந்த வாரம் எத்தனை முறை கத்தினீர்கள், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாயிற்றா? முதல் மாதம் எண்ணிக்கை குறையாது. இரண்டாவது கேள்விக்குப் பதில் மட்டும் வேகமாக வரத் தொடங்கும், முன்பு மூன்று நாள் எடுத்தது அன்று இரவே நடக்கும். வளர்ச்சி என்று நான் பார்ப்பது அதைத்தான். 'சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக' என்று எபேசியர் 4:26 வைத்த கெடு அதுதானே. சூரியன் இங்கே ஏழு மணிக்கே மறைந்துவிடுகிறது, நீங்கள் வீட்டுக்கு வருவதே அதற்குப் பிறகுதான். படுக்கப் போகும் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 31 பொருத்தனையை இந்த வருடம் விட்டுவிடுங்கள். ஆராதனைக்குப் போங்கள், பாடுங்கள், வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். கோபத்தைப் பற்றி அன்று எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம்.

ஓய்வுநாள் பள்ளியிலிருந்து விலக வேண்டாம். விலகினால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் வேலைப் பளு என்பீர்கள், அதோடு இன்னொரு பொய் சேரும். ஓய்வுநாள் பள்ளிக் கண்காணிப்பாளரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஆவியின் கனிப் பாடத்தில் இன்னும் சாந்தமும் இச்சையடக்கமும் பாக்கி இருந்தால், அந்த இரண்டு வாரமும் வேறு யாராவது எடுக்கட்டும். நீங்கள் பின் வரிசையில், பிள்ளைகளோடு, நாற்காலி சின்னதாக இருந்தாலும் உட்காருங்கள். தாள் கொடுத்தால் நீங்களும் எழுதுங்கள். பொறுமை என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவீர்கள் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.